முதலாளியின் குணமும் தொழிலின் கதியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் பம்ப், வார்ப்படம், மாவு மில், ஓட்டல் என்று சிறு தொழில்களுக்குக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் வேலை முடிந்து எழுந்து, மறுபடி உட்கார்ந்து கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டவர்கள் சொன்ன மாதிரியே இங்கே எழுதிப் பதில் தந்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு உள்ளூர் பட்டறை போதும். சிலவற்றுக்கு வெளியூர், வெளிநாட்டுக் கம்பெனிகளின் கதை வேண்டியிருந்தது.

தலைமைப் பண்புன்னா என்னங்க? மேடையில நல்லா பேசறதா?

பேச்சுக்கும் இதற்கும் பெரிய தொடர்பில்லை. சங்கக் கூட்டத்தில் மைக் பிடித்தால் விடாதவர்களின் கம்பெனியில் சம்பளம் மாதாமாதம் தள்ளிப்போவதைப் பார்த்திருக்கிறேன். நான் கவனிப்பது இரண்டே விஷயம். ஒரு கெட்ட செய்தி முதலாளி காதுக்குப் போக எத்தனை நாள் ஆகிறது? போன பிறகு அவர் என்ன செய்கிறார்?

வார்ப்பில் ப்ளோ ஹோல், அதாவது காற்றுக்குமிழ் ஓட்டை, விழுந்து ஒரு லாட் முழுக்க வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பட்டறையில் அன்று சாயங்காலமே முதலாளிக்குத் தெரிந்துவிடும். இன்னொன்றில், வாங்கியவர் டெபிட் நோட் (பழுதான சரக்குக்கு இவ்வளவு கழித்துக்கொள்கிறோம் என்ற சீட்டு) அனுப்பிப் பில்லில் பிடித்த பிறகுதான் தெரியும். உலை ஒரே மாதிரி, மண் ஒரே மாதிரி, ஆட்களிலும் பாதிப்பேர் அங்கிருந்து இங்கே வந்தவர்கள். துணிச்சல், நேர்மை, பொறுமை எல்லாம் வேண்டும்தான். ஆனால் உள்ளே நடப்பது தெரியாதவரிடம் துணிச்சல் இருந்தால், தப்பான பக்கம் இன்னும் வேகமாகப் போவார், அவ்வளவுதான்.

சரக்கு நல்லா இருந்தா போதாதா? முதலாளி எப்படி இருந்தா என்ன?

கோடாக்கிடம் சரக்கு இருந்தது. டிஜிட்டல் கேமராவின் முதல் மாதிரியை 1975-இல் செய்ததே அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர்தான். ஆனால் பணம் கொட்டியதெல்லாம் ஃபிலிமில். ஃபிலிமைத் தின்னப்போகும் ஒன்றை வளர்க்க யாருக்கும் மனம் வரவில்லை. 2012 ஜனவரியில் கம்பெனி திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது.

'காலம் மாறிவிட்டது, யார் இருந்தாலும் அப்படித்தான்' என்று சொல்வதற்குமுன் ஜப்பானின் ஃபூஜிஃபிலிமைப் பாருங்கள். அவர்களும் ஃபிலிம் விற்றுப் பிழைத்தவர்கள்தான். 2000-ஐ ஒட்டி உச்சத்துக்குப் போன ஃபிலிம் விற்பனை அப்புறம் சரிந்தபோது தலைமையில் இருந்தவர் ஷிகேடகா கொமோரி. 'நம் கையில் இருக்கிற ரசாயன அறிவு வேறு எதற்கு ஆகும்?' என்ற பக்கமாக அவர் கம்பெனியைத் திருப்பினார். டிவி, கணினித் திரைகளுக்கான மெல்லிய படலம், மருந்து, ஏன், 2007-இல் முகத்துக்குப் பூசும் கிரீம் வரைக்கும் போனார்கள். ஃபிலிம் பிரிவில் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது, அதையும் சொல்லியாக வேண்டும். கோடாக்கும் 1988-இல் ஸ்டெர்லிங் என்ற மருந்துக் கம்பெனியை வாங்கியதுதான். 1994-இல் அதை விற்றுவிட்டு ஃபிலிமுக்கே திரும்பிவிட்டது.

நான் கத்துனாதாங்க வேலை நடக்குது. இதுல என்ன தப்பு?

அன்றைய வேலை நடக்கும். நாளைக்கு உங்களுக்குத் தெரிய வேண்டியது தெரியாமல் போகும்.

நோக்கியாவை எடுத்துக்கொள்வோம். 2007-இல் உலகத்தில் விற்ற செல்போன்களில் ஏறக்குறைய 40 சதவீதம் அவர்களுடையது. அந்த வருடம்தான் ஐஃபோன் வந்தது. ஆறேழு வருடத்தில் நோக்கியா தன் செல்போன் தொழிலையே மைக்ரோசாஃப்ட்டுக்கு விற்றுவிட்டது. என்ன நடந்தது என்று குய் ஹூய், டிமோ வுவோரி என்ற இரண்டு ஆய்வாளர்கள் உள்ளே இருந்தவர்கள் பலரிடம் பேசி 2016-இல் எழுதினார்கள். நோக்கியா ஃபோன்களில் ஓடிய சிம்பியன் மென்பொருள் ஐஃபோனுக்கு ஈடுகொடுக்காது என்பது கீழே வேலை செய்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் மேலே இருந்தவர்கள் சீறுவார்கள், பதவி போகும் என்ற பயத்தில் நடு மேலாளர்கள் 'முடியும்' என்றே சொல்லிவந்தார்கள். மேலே இருந்தவர்களுக்குப் பங்குதாரர் பயம். இப்படிப் பயத்தின் மேல் பயமாக அடுக்கி, உண்மை நடுவழியிலேயே நின்றுபோனது.

நம் பட்டறையிலும் இதேதான். கத்துகிற முதலாளியிடம் ஃபோர்மேன் பொய் சொல்ல மாட்டார். 'பார்த்துக்கலாங்க' என்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை டெபிட் நோட் நின்றிருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்போ கோபமே படக்கூடாதா? தலைமேல ஏறி உக்காந்துக்குவாங்களே?

கோபப்படலாம். தப்பைச் செய்ததற்குக் கோபப்படுங்கள், தப்பைச் சொன்னதற்குக் கோபப்படாதீர்கள். வேலை செய்கிறவர்கள் இந்த இரண்டுக்குமான வித்தியாசத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள்.

2006-இல் ஃபோர்டு கார் கம்பெனிக்குத் தலைமையேற்க ஆலன் முலாலி வந்தார். அதுவரை போயிங்கில் விமானம் செய்துகொண்டிருந்தவர், கார் தொழிலுக்குப் புதியவர். வாராவாரம் எல்லாப் பிரிவுத் தலைவர்களையும் உட்காரவைத்து, ஒவ்வொரு வேலைக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்டுவரச் சொன்னார். எல்லாரும் பச்சையாகவே கொண்டுவந்தார்கள். கம்பெனியோ அந்த ஒரு வருடத்தில் மட்டும் 1,200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கடைசியில் மார்க் ஃபீல்ட்ஸ் என்பவர் ஒரு புதிய காரின் அறிமுகம் தடைப்பட்டிருப்பதாகச் சிவப்புப் போட்டுக் காட்டினார். அறையில் இருந்தவர்கள் இவருடைய சீட்டுக் கிழிந்தது என்று நினைத்திருக்க, முலாலி கைதட்டினார். 'இதில் யார் உதவ முடியும்?' என்று கேட்டார். அடுத்தடுத்த வாரங்களில் காகிதங்களில் மஞ்சளும் சிவப்பும் வர ஆரம்பித்தன. சிவப்புப் போட்ட ஃபீல்ட்ஸ்தான் 2014-இல் முலாலிக்கு அடுத்து அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

கைதட்டல் ஒரு நாடகம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருக்கட்டுமே. அந்த அறைக்கு அன்றைக்கு அது தேவைப்பட்டது.

பெருசா கடன் வாங்கி இறங்கறது தைரியமா, முட்டாள்தனமா?

எதற்கு, எப்போது என்பதைப் பொறுத்தது. அதே ஃபோர்டு 2006 கடைசியில் தொழிற்சாலை முதல் தன் நீல முத்திரை வரைக்கும் அடமானம் வைத்து 2,300 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. பலரும் சிரித்தார்கள். 2008-இல் உலகத்து வங்கிகள் எல்லாம் கதவைச் சாத்தியபோது ஃபோர்டிடம் ரொக்கம் இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் 2009-இல் திவாலுக்குப் போயின, ஃபோர்டு போகவில்லை. கடனோடு சேர்த்து இன்னொரு வேலையும் நடந்தது. கையில் இருந்த பகட்டான பிராண்டுகளை விற்றார்கள். ஜாகுவார், லேண்ட் ரோவர் இரண்டும் 2008-இல் டாடாவிடம் வந்தது அப்படித்தான்.

கிங்ஃபிஷர் ஏர்லைன்ஸும் கடன் வாங்கியதுதான். 2005-இல் பறக்க ஆரம்பித்தது, 2007-இல் ஏர் டெக்கான் என்ற இன்னொரு விமானக் கம்பெனியைக் கையிலெடுத்தது, 2012-இல் தரையிறங்கியது. நடுவில் ஒரு வருடம்கூட லாபம் பார்த்ததில்லை. உள்ளே உபசாரம் பிரமாதம் என்பார்கள். நஷ்டத்தைக் குறைக்காமல், நஷ்டத்தைத் தொடரக் கடன் வாங்கினார்கள். நம் ஊரில் இதன் சின்ன வடிவம், தொழிலின் அன்றாடச் செலவுக்கு பேங்க் தரும் சி.சி. லிமிட்டில் (கேஷ் கிரெடிட் கடன்) இருந்து எடுத்து வீடு கட்டுவது. தொழில் சுழலக் கொடுத்த பணம் கிரானைட்டாகத் தரையில் கிடக்கும். யார்ன் வாங்கப் பணம் இருக்காது. கிரகப்பிரவேசப் பத்திரிகை எனக்கும் வரும், போய் மொய் எழுதிவிட்டு வருவேன்.

நான் அதிகம் பேசற ஆளில்ல. என்னால கம்பெனி நடத்த முடியுமா?

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை இந்தக் கேள்விக்கு நல்ல பதில். டாக்டர் ஜி. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு, 58 வயதில், 1976-இல் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். இளவயதிலேயே முடக்குவாதத்தில் விரல்கள் கோணிப்போனவர். அந்த விரல்களைப் பழக்கிக் கண் அறுவை செய்தவர். மேடை அதிர முழங்குகிறவர் அல்ல.

அவருடைய தலைமை பேச்சில் இல்லை, அறுவை அரங்கின் ஒழுங்கில் இருந்தது. ஒரு மேசையில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் அடுத்த நோயாளி தயாராகிவிடுவார். மருத்துவர் திரும்பி உட்கார்ந்தால் போதும், அறுவை தவிர மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ள, கிராமங்களிலிருந்து வந்து பயிற்சி பெற்ற பெண்கள் இருப்பார்கள். காசு கொடுக்க முடிந்தவர்கள் கொடுத்தார்கள், பெரும்பகுதி நோயாளிகள் இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ பார்வை பெற்றார்கள். வெளிநாட்டு லென்ஸ் விலை கட்டுப்படியாகாதபோது, 1992-இல் ஆரோலேப் என்று சொந்தமாகவே லென்ஸ் செய்யும் ஆலை போட்டார்கள். அமைதியானவர்களுக்கு ஒரு வசதி உண்டு. தான் சொல்லித்தான் நடக்க வேண்டும் என்று இருக்காமல், சொல்லாமலே நடக்கிற மாதிரி வேலையை அமைத்துவிடுவார்கள்.

மேனேஜரை நம்பி விட்டா ஏமாத்திடுவாங்களே?

சிலர் ஏமாற்றுவார்கள். அதற்காக 300 ரூபாய் போல்ட் வாங்கக்கூட உங்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தால், மெஷின் நிற்கிற நஷ்டம் அந்த ஏமாற்றைவிடப் பெரிது. ஒரு தொகை வரைக்கும் கேட்காமல் வாங்கலாம் என்று எழுதிக் கொடுங்கள். வாங்குகிறவரும் பணம் கொடுக்கிறவரும் ஒரே ஆளாக இருக்க விடாதீர்கள். மாதம் ஒரு தடவை, சொல்லாமல் கொள்ளாமல், ஸ்டாக்கை எண்ணிப் பாருங்கள். இதில் சந்தேகப்படுவதாக யாரும் வருத்தப்பட வேண்டியதில்லை. வழக்கமாகிவிட்டால் நேர்மையானவர்களுக்குத்தான் இது பாதுகாப்பு.

டொயோட்டாவில் லைனில் நிற்கிற தொழிலாளி எவரும் கோளாறு கண்டால் கயிறை இழுக்கலாம். மேற்பார்வையாளர் ஓடிவருவார். சரியாகாவிட்டால் லைனே நின்றுவிடும். எத்தனை பெரிய நம்பிக்கை பாருங்கள். இழுத்தவரைத் திட்டினால் மறுநாள் யாரும் இழுக்க மாட்டார்கள் என்பதை மேலே சொல்லியாயிற்று.

லாபம் வருது, அவார்டு வருது. அப்போ தலைமை சரின்னுதானே அர்த்தம்?

ஹைதராபாத் மென்பொருள் கம்பெனியான சத்யம் கம்ப்யூட்டர்ஸுக்கு 2008-இல் நல்ல நிர்வாகத்துக்கென்றே ஒரு சர்வதேச விருது கிடைத்தது. 2009 ஜனவரி 7-ஆம் தேதி, அதன் தலைவர் ராமலிங்க ராஜு தானே கடிதம் எழுதி ஒப்புக்கொண்டார்: கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,000 கோடி ரூபாய்க்கு மேல் இல்லவே இல்லை. விருதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

என்னை உறுத்துவது அதற்கு மூன்று வாரம் முந்தைய சங்கதி. ராஜு குடும்பத்தாரின் மேடாஸ் என்ற இரண்டு கம்பெனிகளைச் சத்யம் பணத்தில் வாங்கலாம் என்று இயக்குநர் குழு ஒப்புதல் கொடுத்தது. அந்தக் குழுவில் பேராசிரியர்கள், பெரிய பதவி வகித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள். பங்குதாரர்கள் கொதித்ததில் சில மணி நேரத்தில் அது கைவிடப்பட்டது. இடித்துச் சொல்ல வேண்டியவர்கள் அறைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தும் சத்தம் வெளியிலிருந்துதான் வந்தது.

மிச்சக் கதையும் முக்கியம். அரசு பழைய குழுவைக் கலைத்துப் புதிதாக ஆட்களைப் போட்டது. கிரண் கார்னிக், தீபக் பரேக், சென்னையைச் சேர்ந்த ஆடிட்டர் டி.என். மனோகரன் போன்றவர்கள். ஏறக்குறைய 50,000 பேருக்குச் சம்பளம் போட வேண்டும், கையிருப்பு எவ்வளவு என்றே தெரியாது, வாடிக்கையாளர்கள் கிளம்பத் தயாராக இருக்கிறார்கள். ஏப்ரலுக்குள் டெக் மஹிந்திராவிடம் ஒப்படைத்தார்கள். கட்டடமும் ஊழியர்களும் மாறவில்லை, தலைமை மாறியது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் அந்த மூன்று மாதத்தைப் பற்றி இன்னும் பேசுவோம். உள்ளே கையெழுத்துப் போட்ட தணிக்கையாளர்களைப் பற்றியும் பேசுவோம், குரலைத் தாழ்த்தி.

பையன் எம்.பி.ஏ. முடிச்சுட்டு வந்திருக்கான். எப்ப ஒப்படைக்கறது?

எப்போது என்பதைவிட, ஒப்படைத்த பிறகு நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் சிக்கல். பையனுக்குக் கண்ணாடி அறை போட்டுக் கொடுப்பார்கள். பையன் விலையில் பத்துப் பைசா குறைக்கச் சொன்னதும், சரக்கு அனுப்புகிறவர் அப்பாவுக்குப் போன் அடிப்பார். அப்பா எடுப்பார், 'சரி விடுப்பா, நம்ம பையன்கிட்ட சொல்லிடறேன்' என்பார். அந்த ஒரு போனில் பையனின் அதிகாரம் முடிந்தது. ஃபோர்மேன் இனி இரண்டு பேரிடமும் கேட்டு, தனக்கு எது வசதியோ அதைச் செய்வார்.

ஒரு பிரிவை முழுசாகக் கொடுங்கள், லாப நஷ்டத்தோடு. அதில் ஒரு நஷ்டம் வரும், வரட்டும். அந்தப் பிரிவுக்கான போன் வந்தால் 'அவன்கிட்டயே பேசுங்க' என்று வையுங்கள். அரவிந்தில் டாக்டர் வெங்கடசாமி 2006-இல் மறைந்தார். தங்கை, தங்கை கணவர், அடுத்த தலைமுறை என்று குடும்பத்தார் பலர் அதற்கு வெகுகாலம் முன்பே அங்கே பொறுப்பில் இருந்து பழகியவர்கள். மருத்துவமனை தடுமாறவில்லை. உயில் எழுதி ஒரே நாளில் கைமாற்றினால் இது நடந்திருக்காது.

பையனுக்குத் தொழிலில் ஆசையே இல்லை என்றால்? அப்போது ஒரு நல்ல மேனேஜரைத் தேடுங்கள், பையனைப் பங்குதாரராக மட்டும் வையுங்கள். ஊர் என்ன சொல்லும் என்று கேட்பீர்கள். ஊர் உங்கள் ஓவர்டிராஃப்டைக் கட்டாது.

ஜெயிச்சவங்களைப் பாத்து இந்தக் குணம்தான் காரணம்னு சொல்றீங்க. தோத்தவனுக்கும் அதே குணம் இருந்திருக்குமே?

கேட்டவர் ஒரு ஓட்டல்காரர், ஊரடங்கில் கிளையை மூடியவர். நியாயமான கேள்வி. ஜெயித்தால் பிடிவாதத்துக்கு உறுதி என்று பெயர், தோற்றால் உறுதிக்குப் பிடிவாதம் என்று பெயர். 2007-இல் நோக்கியாவின் தலைவர்களைப் புகழ்ந்த பத்திரிகைகள்தான் 2012-இல் அவர்களைத் திட்டின. அவர்களின் குணம் அதற்குள் அவ்வளவு மாறியிருக்காது.

தலைமை எல்லாவற்றையும் தீர்மானிக்காது. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கி 2014 நவம்பரில் நின்றது. ஆயிரக்கணக்கான இளம் பெண்களும் ஆண்களும் வேலை இழந்தார்கள். பின்லாந்தில் இருக்கும் நோக்கியா தலைமையகத்தில் நடந்தது ஒரு காரணம். வரித் தகராறில் ஆலை முடக்கப்பட்டு, மைக்ரோசாஃப்ட்டுக்குக் கைமாறாமல் போனது இன்னொரு காரணம். அந்த ஆலையில் ஷிப்ட் பார்த்த ஒரு சூப்பர்வைசர் எத்தனை திறமைசாலியாக இருந்தும் அதைத் தடுத்திருக்க முடியாது. கோவையிலும் 2012-ஐ ஒட்டிய மின்வெட்டு, 2016 பணமதிப்பு நீக்கம், 2017 ஜி.எஸ்.டி., அப்புறம் கொரோனா என்று வரிசையாக வந்ததில் நல்ல முதலாளிகள் சிலரும் ஷட்டரை இறக்கினார்கள்.

ஆகவே நான் சொல்வது இவ்வளவுதான்: மழை எல்லார் வயலிலும்தான் பெய்கிறது, மடை எங்கே உடைந்தது என்று முதலில் தெரிந்தவருக்கு அடைக்க நேரம் கிடைக்கிறது. கிளையை மூடிய அந்த ஓட்டல்காரர் ஊரடங்கு தொடங்கிய கொஞ்ச நாளிலேயே கணக்கைப் போட்டுப் பார்த்து, இரண்டில் ஒன்றை விட்டார். அதனால்தான் மற்றது இன்றைக்கும் ஓடுகிறது. அதைத் தோல்வி என்று நான் எழுத மாட்டேன்.

தப்பு பண்றதே முதலாளிதான். நான் வெறும் மேனேஜர், நான் என்ன செய்யறது?

சம்பளக்காரர்கள் இதைக் கதவைச் சாத்திவிட்டுத்தான் கேட்பார்கள். முடிவு தவறானது என்றால் தனியாகப் பார்த்துச் சொல்லுங்கள், நாலு பேர் முன்னால் வேண்டாம். கருத்தாகச் சொல்லாமல் தொகையாகச் சொல்லுங்கள். 'இந்த ஆர்டர் வேண்டாங்க' என்றால் சண்டை வரும். 'இந்த ஆர்டரில் கிலோவுக்கு ஆறு ரூபாய் போகிறது' என்று ஒரு தாளில் எழுதி வைத்தால், அன்றைக்கு முறைத்தாலும் ராத்திரி எடுத்துப் பார்ப்பார். கேட்கவே மாட்டேன் என்கிறவரிடம் எத்தனை காலம் இருப்பது என்பது உங்கள் வீட்டுச் செலவைப் பொறுத்த கணக்கு, அதில் நான் புத்தி சொல்லத் தயாரில்லை.

பொய்க் கணக்கில் கையெழுத்துக் கேட்டால் விஷயமே வேறு. சத்யம் வழக்கில் 2015-இல் ஹைதராபாத் சிறப்பு நீதிமன்றம் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது 10 பேரை. ராஜுவும் சகோதரர்களும் மட்டுமில்லை, நிதிப் பொறுப்பாளர், உள்தணிக்கைத் தலைவர், வெளித் தணிக்கையாளர்கள், நிதிப் பிரிவில் சம்பளத்துக்கு இருந்தவர்கள்கூட அந்தப் பட்டியலில் உண்டு. மேல்முறையீட்டில் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டு ஜாமீன் கிடைத்தது என்றாலும், அதற்குள் வருடக்கணக்கில் கோர்ட்டும் வக்கீலுமாகப் போய்விட்டது. அப்படி ஒரு காகிதம் உங்கள் மேசைக்கு வந்தால், முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்ல வராவிட்டால்கூடப் பரவாயில்லை, ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். அன்று சாயங்காலமே கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத ஒரு ஆடிட்டரிடமோ வக்கீலிடமோ போய் விவரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.